பார்க்கவா, பார்த்துக்கொள்ளவா?

பயண நூல் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? விமான நிலையம், வானளாவிய மாளிகை, அங்குள்ள அன்பர் அளித்த விருந்து, இறுதியில் தாயகம் திரும்பிய மகிழ்ச்சி. எழுதியவர் இளைஞராகவோ பத்திரிகையாளராகவோ விருந்தினராகவோ இருப்பார். பிள்ளைகள் பறந்துபோய் வீடு வெறிச்சோடிய பின், வயது சென்ற கணவனும் மனைவியும் கடல் கடந்து சென்று, அங்கே மாதக்கணக்கில் உழைத்துத் திரும்பும் பயணம் நம் நகைச்சுவை நூல்களில் எங்கே இருக்கிறது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சாவி. 1960-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய ‘வாஷிங்டனில் திருமணம்’ கற்பனைக் கதையே. எனினும் நம் பொருளுக்கு அது நல்ல தொடக்கம். அமெரிக்கச் சீமாட்டி ஒருவர் தென்னிந்தியத் திருமணத்தைத் தம் நாட்டிலேயே காண விரும்புகிறார். சாஸ்திரிகள் முதல் அப்பளம் இடும் பாட்டிமார் வரை விமானம் ஏறுகின்றனர். சிரிப்பு எங்கே பிறக்கிறது? அமெரிக்காவும் மாறவில்லை, பாட்டியும் மாறவில்லை. ஆனால் மாடியில் அப்பளம் உலர்கிறது! ஊரை மாற்றி வழக்கத்தை மாற்றாதிருந்தால் நகை தானே பிறக்கும் என்பது முதற் பாடம்.

அடுத்து ஆர். கே. நாராயண். ஆங்கிலத்தில் எழுதிய தமிழர். மனைவியை 1939-லேயே இழந்தவர். ஒரே மகளுக்கு 1956-ல் மணமாயிற்று. அதே ஆண்டில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்கா சென்றார். ஆக, அவரும் கூடு காலியானவரே, துணைதான் இல்லை. பெர்க்லியில் தங்கி அவர் எழுதிய ‘தி கைட்’ 1958-ல் வெளிவந்தது. அப்பயணத்தைச் சொல்லும் ‘மை டேட்லெஸ் டைரி’யில், காப்பி கறுப்பா வெள்ளையா என்று கேட்கப்பட, இரண்டுமல்ல, நல்ல காப்பியின் நிறம் பழுப்பு என்று அவர் வாதாடும் இடம் உண்டு. அங்கே நகைப்புக்கு ஆளாகிறவர் அமெரிக்கர் அல்லர். காப்பிக்காக வழக்காடும் தென்னாட்டவரே. தன்னையும் சேர்த்துச் சிரிப்பது இரண்டாம் பாடம்.

1973-ல் அயோவா சென்று வந்த அசோகமித்திரன் ‘ஒற்றன்’ தந்தார். அவரும் எழுத்தாளர் என்ற முறையில் அழைக்கப்பட்டவரே. அழைக்கப்படாமல், தேவைப்பட்டதால் போனவர்களின் நூலைத் தேடினேன். அது நூலகத்தில் கிடைக்கவில்லை. சாந்திபுரத்தில் என் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்தது.

1997-ல் குப்பத்தில் நிறுவப்பட்ட நம் திராவிடப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர்தான் சாந்திபுரம். குப்பத்துப் பச்சைக் கருங்கல் கப்பலேறும் வட்டாரம் இது. இப்போது பெற்றோரும் விமானமேறுகின்றனர். வேறுபாடு ஒன்றே: கல்லுக்கு விலை உண்டு.

பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். பேரன் பிறந்ததும் இருவரும் புறப்பட்டனர். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோதான் என்றார்கள். பட்டுக்கூடு நிறுக்கும் பக்கத்து வீட்டுத் தராசில் பெட்டியை நிறுத்ததில் நான்கு கிலோ மிகுந்தது. பெரியம்மா கேழ்வரகு மாவை எடுக்க மறுத்தார். பெரியப்பாவின் கம்பளிச் சட்டை வெளியேறிற்று. போய்ச் சேர்ந்தது டிசம்பர் மாதம்! களி இருந்தது, கம்பளி இல்லை என்று அவர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

அமெரிக்கப் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். ஊதியத்துக்கு வேலை செய்யலாகாது. பேரனைப் பார்க்க வந்தோம் என்று சொல்லி உள்ளே நுழைந்தவர்கள், மறுநாள் முதல் பேரனைப் பார்த்துக்கொண்டார்கள். ‘பார்க்க’, ‘பார்த்துக்கொள்ள’ — இவ்விரு சொற்களுக்கும் உள்ள தொலைவு ஒரு கடல் அகலம். ஊதியம் பெறலாகாது என்ற விதியைப் பெரியம்மா ஒருநாளும் மீறவில்லை. நாற்பது மாணவரை ஒரு பார்வையால் அடக்கிய பெரியப்பாவோ, பேரனுக்குக் குதிரையாகித் தவழ்ந்தார்.

கனடாவின் வழி வேறு. 2011 டிசம்பரில் பெற்றோர்க்கென்றே ‘சூப்பர் விசா’ கொண்டுவந்தார்கள்; 2022 ஜூலை முதல் அதில் ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். அப்படியானால் அது பயணமா, குடியேற்றமா, பணிமாற்றமா? நம் இலக்கணத்தில் அதற்கு இன்னும் பெயரில்லை.

குறிப்பேட்டைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்த நான், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அதில் இரண்டே வரி. குழந்தை தூங்கிவிட்டதாம், பெரியம்மா அன்று முழுதும் வேறு யாரோடும் பேசவில்லையாம். அப்போது இங்கே நள்ளிரவு. குளிர்காலத்தில் நியூஜெர்சிக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வேற்றுமை. பேசத் தோன்றும் வேளையில் ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்.

“பெரியப்பா, இதை அச்சிடலாமே?” என்று கேட்டேன்.

“அச்சிட்டா பையன் படிப்பான்டா. அவனும் அங்கே சும்மாவா இருக்கான்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து, அம்மா சாப்பிட்டாளான்னுதான் முதல்ல கேப்பான்” என்றார்.

என் ஆராய்ச்சிக்கு விடை அதில் கிடைத்தது. சாவி கற்பனை மாந்தரை அனுப்பினார். நாராயண் தன்னைப் பார்த்தே சிரித்தார். அவர்கள் சிரிப்பால் புண்பட வீட்டில் ஆளில்லை. இந்தத் தம்பதியரின் சிரிப்புக்கோ மகன் வீட்டு முகவரி இருக்கிறது. அதனால்தான் அது குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறது. திறமைக் குறைவால் அன்று, அன்பு மிகுதியால் எழுதப்படாத இலக்கியம் இது.

தோழர்களே, கூட்டைக் காலி செய்யப்போகும் பறவைகள் நாமே. வெளிநாட்டுப் படிப்புக்கான விண்ணப்பம் ஒன்று பாதி நிரப்பிய நிலையில் என் மேசையிலும் கிடக்கிறது. அதைக் கிழிக்கப்போவதில்லை, மீதியை நிரப்புமுன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க எண்ணியிருக்கிறேன். ஒருநாள் அழைத்தால் பார்க்க வருவீர்களா, பார்த்துக்கொள்ள வருவீர்களா என்பதே அது. விடுமுறையில் நீங்களும் உங்கள் ஊரில் போய்த் திரும்பியவர்களைக் கேட்டு, பெயர்களை மறைத்து, அவர்கள் சிரித்ததையும் சிரிக்காததையும் எழுதி வாருங்கள். விடுபட்ட அத்தியாயத்தை நம் பேரவையே தொகுக்கலாம்.