அறிவியல் செய்தியா? புதிய டேப் திறங்கள்!

"சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும்." 2015ஆம் ஆண்டில் பல நாட்டுச் செய்தித்தாள்களிலும் இணைய தளங்களிலும் வந்த செய்தி இது. கல்லூரி மாணவர்களுக்கு அறிவியல் செய்திகளைச் சோதிக்கக் கற்றுத் தரும்போது, நான் முதலில் எடுத்துக் கொள்வது இதைத்தான். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இந்தப் பாடத்தைச் செய்து பார்க்கலாம்.

செய்தி உள்ள பக்கத்தையே மாணவர்கள் பலர் உற்றுப் பார்க்கிறார்கள். அழகான லோகோ, 'டாக்டர்' பட்டம் இருந்தால் நம்பி விடுகிறார்கள். பக்கத்தை விட்டு வெளியே வந்து விசாரிப்பதே சரியான வழி.

1. யார் சொன்னது? கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி டி கீயைத் தட்டுங்கள். பிரவுசரில் புதிய டேப் கிடைக்கும். அதில் ஆய்வு நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். இந்தச் செய்தியில் சொல்லப்பட்ட 'இன்ஸ்டிட்யூட் ஆப் டயட் அண்ட் ஹெல்த்' வெறும் ஓர் இணைய தளம்தான். 'ஜோஹன்னஸ் போஹன்னன்' என்ற ஆய்வாளர், உண்மையில் ஜான் போஹன்னன் என்னும் பத்திரிகையாளர்.

2. எங்கே வெளியானது? ஆய்விதழின் பெயரையும் தேடுங்கள். நல்ல இதழ்கள், கட்டுரையைப் பிற வல்லுநர்களிடம் கொடுத்துச் சரிபார்த்த பின்பே வெளியிடும். இந்தக் கட்டுரை அப்படிச் சரிபார்க்கப்படாமலேயே அச்சேறியது.

3. எத்தனை பேர்? மூலக் கட்டுரையில் இதைப் பாருங்கள். ஜெர்மனியில் ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் முடிவில் கணக்கில் வந்தவர்கள் 15 பேர்தான். நடந்தது மூன்றே வாரங்கள். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். இவ்வளவு குறைந்த பேரிடம் இத்தனை அளவுகள் எடுத்தால், ஏதாவது ஒன்று தற்செயலாகவே 'பலன்' காட்டி விடும். 18 முறை வலை வீசினால் ஒரு மீனாவது சிக்காதா?

உணவுச் செய்திகள் எவ்வளவு சுலபமாகப் பரவுகின்றன என்று காட்டவே, வேண்டுமென்றே இந்த ஆய்வை மோசமாக அமைத்ததாக 2015 மே மாதம் போஹன்னனே அறிவித்தார்.

சாக்லேட்டோடு போனால் பரவாயில்லை. "இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் மாத்திரை வேண்டாம்" என்ற செய்தியை நம்பி, வீட்டுப் பெரியவர் மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எனவே, இன்று உங்களுக்கு வந்த மருத்துவச் செய்தி ஒன்றை எடுத்து, இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்கும் வரை யாருக்கும் பார்வர்ட் செய்திட வேண்டாம்.