பிள்ளைகளின் உடல் சமநிலையும் திரை விளையாட்டும்

தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து பொத்தான்களை அழுத்திக் கொண்டிருக்கும் பிள்ளையை நாம் கடிந்து கொள்கிறோம். அது நியாயமே. ஆயினும் அமர்ந்து ஆடும் விளையாட்டு வேறு. எழுந்து நின்று உடலை அசைத்து ஆடும் திரை விளையாட்டு வேறு. பின்னது மாணவர்களின் உடல் சமநிலையை வளர்க்கத் துணை செய்யக் கூடியதாகும்.

உடல் சமநிலை என்பது யாது? நிற்கும்போதும் நடக்கும்போதும் திரும்பும்போதும் விழாமல் உடலைக் காக்கும் ஆற்றலே அது. கண்கள், உட்செவி, பாதங்களும் மூட்டுகளும் ஆகிய மூன்றிடங்களிலிருந்து மூளைக்குச் செய்திகள் செல்கின்றன. மூளை அவற்றை ஒப்பிட்டுத் தசைகளுக்கு ஆணையிடுகின்றது. ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடினால் உடல் தள்ளாடுகின்றது. மூன்றில் ஒரு செய்தி நின்று போவதே அதற்குக் காரணம். இவ்வாற்றல் பழகப் பழக வளரும். வளர்ந்தால் கணுக்கால் சுளுக்கு போன்ற காயங்கள் குறையும்.

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு மேடுபள்ளமான மண்பாதையும் திறந்த திடலுமே இப்பயிற்சியை அளித்தன. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகள் பலருக்கு வாய்த்திருப்பது சமதளமான சிமெண்டுத் தரையே.

நம் பள்ளிகளில் 2008-ஆம் ஆண்டில் அறிமுகமான ‘செகாக்’ உடற்தகுதிச் சோதனை, பலகையில் ஏறி இறங்குதல், தண்டால், வயிற்றுத் தசைப் பயிற்சி, அமர்ந்து முன்வளைதல் ஆகிய நான்கு பயிற்சிகளைக் கொண்டது. சமநிலைக்கெனத் தனிப் பயிற்சி அதில் இடம்பெறவில்லை. ஆகவே, இக்குறையை வீட்டில் நாமே நிறைவு செய்தல் வேண்டும்.

2007-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘வீ ஃபிட்’ விளையாட்டுடன் நிற்பதற்கான பலகை ஒன்று வழங்கப்பட்டது. அதன் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் கருவிகள் உள்ளன. பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் திரையில் உடனே தெரியும். பிள்ளை தானே திருத்திக் கொள்ளும். தன் தவற்றை அக்கணமே காண்பதுதான் இவ்விளையாட்டின் பயன்.

இத்தகைய கருவி வீட்டில் இருப்பின், தரையில் தடைகளை அகற்றி, வழுக்கும் காலுறையைக் கழற்றி, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க விளையாடச் செய்யலாம். கருவி இல்லையெனக் கவலையுறத் தேவையில்லை. சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, முன்காலின் குதிகாலைப் பின்காலின் விரல்கள் தொடுமாறு அதன்மேல் நடக்கச் செய்யுங்கள். பாண்டியாட்டமும் இதே பயிற்சியைத் தரும்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவையென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. திரை விளையாட்டு அதில் ஒரு பகுதியாகலாம், திடலுக்கு ஈடாகாது. அடிக்கடி விழும் அல்லது தலைசுற்றல் உள்ள பிள்ளையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பெற்றோர்களே! இன்று மாலையே உங்கள் பிள்ளை ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். உறுதியாக நிற்கப் பழகிய கால்களே உறுதியாக நடக்கும்.