பழைய ஜீப்புக்கு மாற்று ரேடியேட்டர்: தொண்டி – தனுஷ்கோடி கடற்கரை முக்கியக் குறிப்புகள்

பயன்படும் தேர்வு
• டி.என்.பி.எஸ்.சி மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை-2, ஐ.டி.ஐ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு
• பாடப் பகுதி: எஞ்சின் குளிர்விப்பு அமைப்பு, அரிமானம், மோட்டார் வாகனச் சட்டம் 1988

வரையறை
• ரேடியேட்டர்: எஞ்சினின் வெப்பத்தைக் குளிர்நீர் வழியே காற்றுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி
• பெயரில் கதிர்வீச்சு. நடைமுறையில் பெரும்பங்கு வெப்பச்சலனம். தவறான விடையாக அடிக்கடி தேர்வாகும் இடம்
• பாகங்கள்: மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, கோர், குழாய்கள், ஃபின் எனும் துடுப்புகள், அழுத்த மூடி, வடிகால் திருகு
• எரிபொருள் ஆற்றலின் பங்கீடு, தோராயமாக: மூன்றில் ஒரு பங்கு வேலை, ஒரு பங்கு புகைப்போக்கி, ஒரு பங்கு குளிர்விப்பு

முதல்கள்
• தேன்கூடு ரேடியேட்டர்: வில்ஹெல்ம் மேபாக், டைம்லர் நிறுவனம்
• பொருத்தப்பட்ட வாகனம்: மெர்சிடிஸ் 35 எச்.பி, எமில் யெல்லினெக்கிடம் ஒப்படைப்பு 22 டிசம்பர் 1900
• குழாய்களின் எண்ணிக்கை 8,070. ஒவ்வொன்றும் 6 × 6 மி.மீ சதுரம்
• வில்லிஸ் எம்.பி ஜீப்: 1941
• மஹிந்திரா & முகமது: 2 அக்டோபர் 1945, லூதியானா; மஹிந்திரா & மஹிந்திரா எனப் பெயர் மாற்றம் 1948
• இந்தியாவில் வில்லிஸ் ஜீப் பூட்டுதல்: 1947, பம்பாய்
• மாருதி ஜிப்ஸி: டிசம்பர் 1985. மஹிந்திரா தார்: 2010

இடக் குறிப்பு
• தொண்டி: இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், பாக் நீரிணைக் கரை
• இரண்டு தொண்டிகள்: மேற்குக் கரையில் சேரர் துறைமுகம், யவனர் குறிப்பில் டிண்டிஸ், கிழக்குக் கரையில் பாண்டியர் துறைமுகம். இங்கு கிழக்குத் தொண்டி
• தேசிய நெடுஞ்சாலை 85: கொச்சி – மூணாறு – போடிநாயக்கனூர் – தேனி – மதுரை – சிவகங்கை – தொண்டி
• ஒரே சாலையின் இரு உயரங்கள்: தொண்டியில் கடல் மட்டம், நீரின் கொதிநிலை 100°செ, மூணாறில் ஏறத்தாழ 1,500 மீ உயரம், கொதிநிலை ஏறத்தாழ 95°செ
• விதி: 300 மீ உயரத்துக்கு ஏறத்தாழ 1°செ குறைவு
• தனுஷ்கோடி புயல்: 22–23 டிசம்பர் 1964 இரவு
• முகுந்தராயர் சத்திரம் – அரிச்சல்முனை சாலை: 9.5 கி.மீ; திறப்பு 27 ஜூலை 2017. அதற்கு முன் மணலிலும் அலையோரத்திலும் ஜீப், வேன் சவாரி மட்டுமே
• மணல் ஓட்டத்தின் தன்மை: தாழ் கியர், உயர் சுழற்சி, குறைந்த வேகம். எதிர்க்காற்று இல்லை, விசிறி மட்டுமே துணை. ரேடியேட்டருக்கு மலையேற்றத்துக்கு நிகரான சோதனை

முதல் அளவுகோல்: எஞ்சின், வண்டியின் பெயர் அன்று
• பழைய ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சின் கழற்றி டீசல் ஏற்றுதல் வழக்கம். சேஸிஸ் ஒன்று, எஞ்சின் வேறு
• ஹரிகேன் பெட்ரோல், சி.ஜே-3பி: 2,199 சிசி
• பியூஜோ எக்ஸ்.டி.பி 4.90 டீசல், எம்.எம் 540: 2,112 சிசி. எண்ணின் பொருள்: 4 சிலிண்டர், 90 மி.மீ விட்டம், உந்து நீளம் 83 மி.மீ
• எம்.டி.ஐ டீசல்: 2,523 சிசி, விட்டம் 88.9 மி.மீ, உந்து நீளம் 101.6 மி.மீ
• ஜிப்ஸி: 970 சிசி, ஜிப்ஸி கிங்: 1,298 சிசி. இரண்டும் பெட்ரோல்
• கடையில் ஜீப் ரேடியேட்டர் என்று மட்டும் கேட்பது போதாத கேள்வி. ஆர்.சி புத்தகமும் நம்பத்தக்கது அன்று; எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணே சான்று

அளவெடுக்க வேண்டியவை
• கோரின் உயரம், அகலம், தடிமன், தொட்டி நீங்கலாக
• மேல், கீழ் ஹோஸ் வாய்களின் விட்டமும் பக்கமும். இடக்கை ஓட்டு வண்டிக்கான இறக்குமதிப் பொருளில் பக்கம் மாறும் வாய்ப்பு
• தாங்கிகளின் துளை இடைவெளி, ரப்பர் மெத்தை
• விசிறி இறக்கைக்கும் கோருக்கும் இடைவெளி: தடித்த கோர் வாங்குவோர் மறக்கும் அளவு
• ஷ்ரவுட் எனும் விசிறி உறை: இல்லையெனில் விசிறி ஒரு வட்டத்தை மட்டும் குளிர்விக்கும், மூலைகள் வீண்

உலோக ஒப்பீடு
• வெப்பக் கடத்துத்திறன், வாட்/மீ.கெல்வின்: தாமிரம் ஏறத்தாழ 400, அலுமினியம் 237, பித்தளை ஏறத்தாழ 110
• அடர்த்தி, கிராம்/கன செ.மீ: தாமிரம் 8.96, அலுமினியம் 2.70
• உருகுநிலை: தாமிரம் 1,085°செ, அலுமினியம் 660°செ, 63:37 வெள்ளீய – ஈயப் பற்றாசு 183°செ
• திட்ட மின்முனை அழுத்தம்: தாமிரம் +0.34 வோல்ட், துத்தநாகம் −0.76, அலுமினியம் −1.66
• தாமிரம்–பித்தளை: பற்றாசால் ஒட்டத்தக்கது, கோர் மட்டும் மாற்றும் வசதி. குறை: எடை; உப்புக் காற்றில் துடுப்பு பச்சை படிந்து உதிர்தல், பித்தளையில் துத்தநாகம் கரைதல்
• அலுமினியம் + நைலான் தொட்டி: எடை குறைவு. குறை: குளோரைடால் குழி அரிமானம், தொட்டி விளிம்பு கசிந்தால் சிறு பட்டறையில் பழுது பார்ப்பது அரிது
• கடத்துத்திறன் மட்டும் முடிவு அன்று. அலுமினியக் குழாய்களை அகலமாக அமைக்கலாம் என்பதால் இடைவெளி குறையும்
• உப்புக் காற்றுக்கு இரண்டுமே தப்பாதவை. தொண்டிக்கு முடிவு செய்வது பழுது பார்க்கும் வசதி. அந்த ஒரு காரணத்தால் தாமிரம்–பித்தளைக்கே முன்னுரிமை

வரிசையும் துடுப்பும்
• முதலில் முகப்பரப்பு, பிறகே தடிமன். நான்கு வரிசைக் கோரின் கடைசி வரிசைக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று
• மணல் கரைக்கு அங்குலத்துக்கு 10–12 துடுப்பு போதும். நெருக்கமான துடுப்பில் மணலும் உப்பும் சிக்கும்
• கழுவுதல்: நன்னீர், தாழ் அழுத்தம், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி

நீர்: உண்மையான எதிரி
• கடல்நீர் உப்பு: லிட்டருக்கு சராசரி 35 கிராம், அதில் குளோரைடு ஏறத்தாழ 19 கிராம்
• கரையோர ஆழ்குழாய் நீர் ரேடியேட்டருக்கு விலக்கு: உப்பு, கடினத்தன்மை. வெளிக்காற்றைவிட உள்ளே ஊற்றும் நீரே கோரை முன்னதாகக் கொல்லும்
• ஏற்றது: பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர்
• எத்திலீன் கிளைக்கால்: கொதிநிலை 197°செ. நீருடன் 50:50 கலவை (கூலன்ட்): உறைநிலை ஏறத்தாழ −37°செ, கொதிநிலை ஏறத்தாழ 107°செ
• உறைதல் தடுப்பு தொண்டியில் பயனற்ற பண்பு. தேவை அரிமானத் தடுப்பும் கொதிநிலை உயர்வும்
• தன்வெப்பம், கி.ஜூல்/கி.கி.கெல்வின்: நீர் 4.18; 50:50 கலவை ஏறத்தாழ 3.4. கூலன்ட் நீரைவிட அதிக வெப்பம் சுமக்கும் என்பது தவறு
• கூலன்ட்டின் நிறம் தரத்தின் அடையாளம் அன்று

அழுத்த மூடி
• இரு வால்வுகள்: அழுத்த வால்வு, வெற்றிட வால்வு
• தூய நீரின் கொதிநிலை: 4 பி.எஸ்.ஐ – 107°செ, 7 பி.எஸ்.ஐ – 111°செ, 15 பி.எஸ்.ஐ – ஏறத்தாழ 121°செ
• பழைய எஞ்சினுக்குக் குறித்த அளவைத் தாண்டிய மூடி தவறு. வெடிப்பது ஹோஸ், கசிவது ஹீட்டர் குழாய் அல்லது பற்றாசு இணைப்பு
• சூட்டைக் குறைக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பட்டறைப் பழக்கம், தீர்வு அன்று: எஞ்சின் இயங்கு வெப்பத்தை அடையத் தாமதம், தேய்மானம் கூடுதல்

நிறுவனம்
• சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடி: அடிக்கல் 25 ஜூலை 1948, நேரு, திறப்பு 14 ஜனவரி 1953, எஸ். இராதாகிருஷ்ணன்
• நிலம் 300 ஏக்கர், நன்கொடை 15 இலட்சம் ரூபாய்: ஆர்.எம். அழகப்பச் செட்டியார்
• மண்டபத்தில் சிக்ரியின் கடல்சார் அரிமான ஆய்வு நிலையம்
• பாம்பன்: அரிமானத்தில் மயாமிக்கு அடுத்த இடம் என்பது பரவலான கூற்று

சட்டம்
• பிரிவு 41(7): தனியார் வாகனப் பதிவுச் செல்லுபடி 15 ஆண்டு, பிரிவு 41(10): புதுப்பித்தல்
• பிரிவு 52: வாகன மாற்றம். எஞ்சின் மாற்றம் இப்பிரிவில். அதே வகை ரேடியேட்டர் மாற்றுவது பராமரிப்பு