மாற்று சர்வருக்கு மாறிய பிறகு பக்கம் ஏன் மெதுவாகிறது?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குது. பூதலூரில் உட்கார்ந்து கைபேசியில் சிட்டாவைத் திறக்கிறீர்கள். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. "சர்வர் மாத்தியிருக்காங்களாம், நம்ம நிலம் பதிவுல இருக்குமா?" என்று பயம் வரும்.

நிலம் இருக்கும். அரசின் தரவு மையம் சென்னை பெருங்குடியில் இருக்கிறது. பேரிடர் மீட்பு மையம் நமக்குப் பக்கத்துத் திருச்சியில். இப்படிப்பட்ட அமைப்பில் முதன்மை சர்வரில் எழுதுவதெல்லாம் நகல் சர்வருக்கும் போய்க்கொண்டே இருக்கும். முதன்மை படுத்தால் நகல் பொறுப்பேற்கும்.

ஆனால் எல்லாமே போவதில்லை. புது வி.ஏ.ஓ. வந்தால் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் கைமாறும்; பழையவர் சட்டைப் பையிலிருந்த துண்டுக் குறிப்பு வராது, இல்லையா? அதே கதைதான்.

உலகெங்கும் புழங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வகைப் புள்ளிவிவரம் உண்டு. எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று முடிவெடுக்க உதவும் விவரம் நகலுக்கும் போய்ச் சேரும். எத்தனை வரிகள் திருத்தப்பட்டன, எத்தனை பழைய வரிகள் குப்பையாகக் கிடக்கின்றன என்ற எண்ணிக்கை மட்டும் அந்தந்த சர்வரோடு நின்றுவிடும்.

அதனால் என்ன என்கிறீர்களா? தானியங்கித் துப்புரவு அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கிளம்பும். வழக்கமான அமைப்பில், 10 லட்சம் வரியுள்ள அட்டவணையில் குப்பை 2,00,050-ஐத் தாண்டணும். பழைய சர்வரில் 1,90,000 சேர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். குப்பை அப்படியே புது சர்வரிலும் கிடக்கும், எண்ணிக்கையோ பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏறக்குறைய 3,90,000 சேரும்வரை யாரும் கூட்டமாட்டார்கள். தேடலுக்கு வழிகாட்டும் விவரமும் இப்படியே பழசாகிக்கொண்டு போகும். அதைப் புதுப்பிக்கும் நேரமும் எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது.

மருந்து எளிது. மாறியவுடன் நிர்வாகி 'அனலைஸ்' கட்டளையை ஓட்டினால், சர்வர் மாதிரிக்குச் சில பக்கங்களைப் படித்து, குப்பையைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும். துப்புரவும் உரிய நேரத்தில் கிளம்பும். இந்த ஒரு வரி மறந்துபோவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நகலுக்குப் போவதில் சில விநாடி பின்தங்கல் இருக்கலாம். மாறிய அந்த நிமிடத்தில் விண்ணப்பித்திருந்தால் ஒப்புகை எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பணம் பிடித்தும் விண்ணப்பம் காணலைன்னா உடனே மறுபடி கட்டாதீங்க. ரசீதைப் படம் பிடித்து வைத்து, இ-சேவை மையத்தில் காட்டுங்கள்.