பரணில் ஏற்றும் முன் ஒரு வார்த்தை

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது சிபாப் மெஷின். வீடுகளில் இதற்குக் குறட்டை மெஷின் என்றே பெயர். காசைக் கொட்டி வாங்கி, நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, ‘நமக்கு ஒத்து வராது’ என்று பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்த நாலு நாளில் மனம் தளர வைப்பவை பெரும்பாலும் தவறான நம்பிக்கைகளே.

நம்பிக்கை: குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று அர்த்தம்.

உண்மை: தொண்டை வழி குறுகிவிட்டது என்பதைத்தான் குறட்டை சொல்கிறது. குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் இல்லை. ஆனால் சத்தம் சட்டென்று நின்று, வீடே அமைதியாகி, பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் கவனிக்க வேண்டும். அந்த அமைதியில் வழி அடைபட்டிருக்கிறது. மூச்சு 10 விநாடியாவது தடைபட்டால் அதை ஒரு முறை என்று கணக்கிடுவார்கள். தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியில் இது மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான நிலை. பெரும்பாலும் மூளை உடம்பை உலுக்கி எழுப்புகிறது. தூங்கியவருக்கு நினைவிருக்காது, காலைத் தலைவலியும் பகல் தூக்கமும்தான் மிஞ்சும்.

நம்பிக்கை: இது ஆக்ஸிஜன் மெஷின், கடைசிக் கட்டத்தில் வைப்பது.

உண்மை: அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, மிதமான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்புகிறது, அவ்வளவுதான். சரியும் தொண்டைச் சதைக்குக் காற்று முட்டுக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர் இதைச் செய்து பார்த்து, 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்தியது வேக்யூம் கிளீனர் மோட்டார்! வேலைக்குப் போய்க்கொண்டு, வண்டி ஓட்டிக்கொண்டு, நன்றாக நடமாடுகிறவர்களுக்குத்தான் இன்று இது பெரும்பாலும் தேவைப்படுகிறது.

நம்பிக்கை: முதல் ராத்திரியே தூக்கம் வராவிட்டால் ஒத்துக்கொள்ளாது.

உண்மை: பழகச் சில வாரங்கள்கூட ஆகலாம். பழகுவதைப் பகலிலேயே தொடங்குங்கள். முதலில் மாஸ்க்கின் பட்டையை மாட்டாமல், மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கையால் மூக்கில் வைத்து மூச்சு விடுங்கள். பிறகு பட்டையை மாட்டி டிவி பாருங்கள். அடுத்து மதியம் ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் முழு இரவு. ‘ராம்ப்’ வசதியைப் போட்டால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும். தொண்டை வறண்டால் ஈரப்பதம் தரும் தொட்டியும், மூச்சை வெளிவிடக் கஷ்டமென்றால் டாக்டர் மாற்றித் தரும் அமைப்பும் உதவும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும்.

நம்பிக்கை: காற்று கசிந்தால் பட்டையை இறுக்க வேண்டும்.

உண்மை: இறுக்க இறுக்க ஓரம் மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டு புண்ணாகும். தூங்கும் நிலையில் படுத்து, மெஷின் ஓடும்போது பட்டையைச் சரிசெய்யுங்கள். முகத்தில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் மாஸ்க் வழுக்கும், கழுவிவிட்டுப் படுங்கள். மாஸ்க்கையும் தினமும் மிதமான சோப்பால் கழுவுங்கள். முன்புறத்துச் சிறு துளைகளில் வரும் காற்று கசிவல்ல. நீங்கள் விட்ட மூச்சு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை அடைக்கவே கூடாது. வாய் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு மாஸ்க் பொருந்தாமல் போகலாம். வாயையும் மூடும் வகை இருக்கிறது.

நம்பிக்கை: பாதி ராத்திரி வரை போட்டால் போதும்.

உண்மை: கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அப்போது தசைகள் இன்னும் தளர்வதால் பலருக்கு அடைப்பு மோசமாவதும் அப்போதுதான். மூன்று மணிக்கு எழுந்து பாத்ரூம் போய் வந்தால், திரும்ப மாட்டிக்கொண்டு படுங்கள்.

நம்பிக்கை: கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடும்.

உண்மை: துளைகளும், வாயை மூடும் மாஸ்க்கில் தானே திறக்கும் வால்வும் இருக்கின்றன. கழற்றிவிட்டால் பழையபடி மூச்சு விடலாம். ஆனால் அந்த நேரம் சிகிச்சை இல்லை. அடிக்கடி மின்வெட்டு என்றால் இன்வெர்ட்டர் பற்றி மெஷின் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை: பழகினால் அடிமையாகிவிடுவோம்.

உண்மை: கண்ணாடி போட்டால் கண் கெடுவதில்லை, மாஸ்க் போட்டால் தொண்டையும் பலவீனமாவதில்லை. நன்றாக எடை குறைந்த சிலருக்குத் தேவை குறையலாம். அதை மறுபரிசோதனைதான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

பரணுக்கு ஏணி வைக்கும் முன், மெஷினையும் மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஒருமுறை போய் வாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது என்பதெல்லாம் பெரும்பாலான மெஷின்களிலேயே பதிவாகியிருக்கும். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். குறட்டை நின்ற அமைதியில், அடுத்த மூச்சு வருகிறதா என்று இருட்டில் காது கொடுத்துக் கிடந்தவர் அவர்தான்.