இலவசப் பயிற்சிக்கு யார் காசு கொடுக்கிறார்?

"முதலில் வேலை பழகட்டும், சம்பளத்தைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிப் பையன்களைக் கடையில் சேர்ப்பது எமது வியாபாரிகளிடையே நெடுங்கால வழக்கம். பழகுபவருக்குத் தொழில் கிடைக்கிறது, முதலாளிக்குச் செலவில்லை, இரு தரப்புக்கும் இலாபம் என்றே நாம் கணக்குப் போடுகிறோம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. அந்த வரி எது என்பதை விளங்கிக்கொள்ள, இவ்வாரம் கடைத்தெருவை விட்டுச் சற்றுத் தூரம் போவோம். அமெரிக்காவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுப்பனவுடன் வழங்கப்படும் கோடைகால ஆய்வுப் பயிற்சியே எமது பாடம்.

திட்டம் என்ன?

அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான மன்றம், இளமாணி மாணவர்களுக்கு ஆய்வு அனுபவம் வழங்கும் திட்டமொன்றை 1987இல் தொடங்கியது. ஆர்.ஈ.யூ. என்ற சுருக்கப் பெயரால் இது அறியப்படுகிறது. சுற்றாடல் மட்டுமன்றி ஏனைய விஞ்ஞானத் துறைகளும் இதில் அடங்கும். மன்றத்திடம் நிதி பெறும் பல்கலைக்கழகமோ ஆய்வு நிலையமோ கோடை விடுமுறையில் பத்துப் பேரளவிலான மாணவர்களை எட்டு முதல் பத்து வாரங்களுக்கு முழுநேரமாகச் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆய்வு வேலையும், அதற்கு வழிகாட்ட ஒரு விஞ்ஞானியும் உண்டு. 2023இல் வெளியான விதிமுறையின்படி கொடுப்பனவு வாரத்துக்கு ஏறத்தாழ 700 டொலர். தங்குமிடம், சாப்பாடு, பயணம் ஆகியவற்றுக்கும் அதே நிதியிலிருந்து செலவிடலாம்.

மசசூசெட்ஸ் மாநிலத்தின் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஹாவர்ட் வனம் இருக்கிறது. 1907 முதல் அது ஆய்வு நிலையமாக இயங்கி வருகிறது. அங்கே 1991இல் மண்ணுக்கடியில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியுள்ள நிலத்தைவிட 5 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றத் தொடங்கினார்கள். பூமி வெப்பமடைந்தால் மண்ணில் உள்ள காபனுக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பதே நோக்கம். 26 ஆண்டுகளின் முடிவு 2017இல் வெளியானது. மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணிலிருந்த காபனில் ஏறத்தாழ 17 சதவீதம் இழக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் விற்பனையைப் பார்த்து ஒரு கடையின் நிலையைச் சொல்ல முடியாதது போலவே, ஓராண்டு அளவீட்டை வைத்து ஒரு காட்டின் நிலையையும் சொல்ல முடியாது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் பேரேடு எழுதப்படும் இடங்களுக்குத்தான் கோடைதோறும் மாணவர்கள் வந்து, அளந்து, குறித்து, கணக்கிட்டுப் பழகுகிறார்கள்.

விடுபட்ட வரி

இப்போது கணக்குக்கு வருவோம். அமெரிக்க மாணவர் பலருக்குக் கோடை என்பது ஓய்வுக் காலமல்ல, அடுத்த ஆண்டுப் படிப்புச் செலவுக்கு உழைக்கும் காலம். மசசூசெட்ஸ் மாநிலத்தில் 2023 ஜனவரி முதல் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 15 டொலர். வாரத்துக்கு 40 மணித்தியாலம் வீதம் பத்து வாரம் ஒரு கடையில் நின்றால் 6,000 டொலர் கிடைக்கும். அதே மாணவர் சம்பளமில்லாத ஆய்வுப் பயிற்சிக்குப் போனால் அந்த 6,000 டொலரையும் இழக்கிறார். அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதற்கு மேல் வேறு.

ஆகவே 'இலவசப் பயிற்சி' என்று ஒன்று இல்லை. நிறுவனம் கொடுக்காத காசை மாணவரின் தகப்பன் கொடுக்கிறார். கொடுக்க முடியாத தகப்பனின் பிள்ளை விண்ணப்பிக்கவே மாட்டார். அவருடைய திறமை எவருடைய பார்வைக்கும் வராமலேயே போய்விடும். வாரத்துக்கு 700 டொலர் என்றால் பத்து வாரத்துக்கு 7,000 டொலர். இந்தத் தொகை தருமமன்று. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குள் மட்டும் ஆள் தேடாமல், எல்லாப் பிள்ளைகளுக்குள்ளும் தேடுவதற்கான விலை அது. பங்குபற்றுவோரில் அரைவாசிப் பேராவது ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்து வர வேண்டும் என்று மன்றம் எதிர்பார்ப்பதும் இதனால்தான்.

கொடுப்பவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சும்மா வந்து நிற்பவரிடம் நேரத்துக்கு வா, கணக்கைச் சரியாக எழுது என்று கண்டிப்பாகச் சொல்ல எமக்கு நாக்கு எழாது. காசு கொடுத்தால் வேலையைக் கேட்கும் உரிமை வருகிறது. பெறுபவருக்கும் தாம் ஒருவரின் தயவில் நிற்கவில்லை என்ற தெம்பு வருகிறது.

இத்திட்டத்துக்குப் பலவீனமும் இல்லாமலில்லை. 2025 கோடையில் அரச நிதி நிச்சயமில்லாமற் போனதால் பல இடங்கள் மாணவர்களைச் சேர்க்கவில்லை. ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கடை நடத்துபவருக்கு இது புதிய செய்தியல்ல.

நாம் எடுக்க வேண்டியது

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்ட வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மன்றத்தின் கொடுப்பனவு அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்குமே உரியது. மாணவர் விசாவில் இருப்பவர் தமது பல்கலைக்கழகத்தில் வேறு நிதி உண்டா என்று விசாரிக்க வேண்டும். கோடைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், விசாரணையை முன்னைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்குவது நல்லது.

இங்கே தொழில் செய்பவர்களுக்கும் பாடம் உண்டு. எமது நாட்டில் பல தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. கழிவுநீர் எவ்வளவு, அதில் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அதிகாரி வரும்போதுதான் பல முதலாளிமார் பதில் தேடுகிறார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் சுற்றாடல் விஞ்ஞான மாணவர் ஒருவரை, அவருடைய விரிவுரையாளரின் மேற்பார்வையோடு, இரண்டு மாதம் வேலைக்கு எடுத்துப் பாருங்கள். கேள்வியை ஒன்றாகச் சுருக்குங்கள்: எமது ஆலையில் தண்ணீர் எங்கே வீணாகிறது? முடிவில் எழுத்தில் ஓர் அறிக்கை வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொடுப்பனவையும் அன்றே பேசி முடியுங்கள்.

பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை உங்களிடம் வேலை பழகினால், உங்கள் கடையின் செலவை அந்த வீடு சுமக்கிறது. உங்கள் பேரேட்டில் அது பதியப்படாமல் இருக்கலாம், ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் அது இருக்கிறது.