பழைய பேனாவும் அதன் ஜோடிப் பென்சிலும்

தபால்தலை சேர்ப்பவர்களையும் நாணயம் சேர்ப்பவர்களையும் நாம் அறிவோம். அவர்களைப் போலவே பழைய ஊற்றுப்பேனாக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் பலர் உண்டு. அவர்களுள் சிலருக்குப் பேனா மட்டும் கிடைத்தால் போதாது. அதனுடன் ஒரே பெட்டியில் விற்கப்பட்ட ஜோடிப் பென்சிலும் வேண்டும் என்பார்கள். பேனா இருக்கும்போது பென்சில் எதற்கு என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்திற்குப் பிறகே அந்தப் பென்சிலின் அருமை எங்களுக்கு விளங்கியது.

எங்கள் ஆச்சியின் தகப்பனார் ரயில்வேயில் கணக்கராக இருந்தவர். அவருக்குப் பின் ஆச்சியிடம் வந்து சேர்ந்தது ஒரு நீளமான பெட்டி. அதனுள் கரிய ஊற்றுப்பேனா ஒன்றும், அதே கருமையில், அதே அலைக்கோடுகளுடன் ஒரு திருகு பென்சிலும் இருந்தன. இரண்டும் 1920-களில் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. கொள்ளுத்தாத்தா பேனாவால் ஓயாமல் எழுதினார். பென்சிலையோ பெட்டியை விட்டு எடுத்ததே இல்லையாம். பென்சிலால் எழுதிய கணக்கும் ஒரு கணக்கா என்பாராம்!

சென்ற ஆண்டு பள்ளிப் பொருட்காட்சியில் வைப்பதற்காக அந்தப் பெட்டியை, அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் கேட்டு வாங்கினோம். பேனாவினுள் மை காய்ந்து கல்லாகியிருந்தது. நாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு செம்பில் வெந்நீர் ஊற்றி, பேனாவை அதில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், செம்பில் கிடந்தது நாங்கள் போட்ட கரிய பேனாவாக இல்லை. பழுப்பும் பச்சையும் கலந்து, காய்ந்த புகையிலை போல நிறம் மாறிக் கிடந்தது. துணியால் தேய்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். போன நிறம் போனதுதான். பக்கத்தில் பென்சில் மட்டும் கருகருவென்று மின்னிக்கொண்டிருந்தது. ஆச்சியிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. "ஏ பிள்ளைகளா, வெந்நியிலயா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஆச்சி உள்ளே போய்விட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நடந்ததற்குக் காரணத்தை எங்கள் அறிவியல் சிஸ்டர் விளக்கினார்கள். அக்காலப் பேனாக்கள் பெரும்பாலும் எபனைட் என்னும் கட்டி ரப்பரால் ஆனவை. ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் மரம் போலக் கெட்டிப்படும். இதற்கு அவருடைய தம்பி நெல்சன் 1851-இல் உரிமை பெற்றார். பார்வைக்குக் கருங்காலி மரம் போல இருப்பதால் வந்த பெயர்தான் எபனைட். மை அரிக்காது, கடைவதற்கும் எளிது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெளிச்சமும் காற்றும் படப்பட, மேற்பரப்பில் உள்ள கந்தகம் மெல்ல மாறுதல் அடைகிறது. வெளிப்பார்வைக்கு அது தெரியாமலும் இருக்கலாம். வெந்நீர் பட்டதும் வெளிவந்துவிடும். வெந்நீர் என்றில்லை, தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்தாலே ஆபத்துதானாம்.

எபனைட்டுக்குப் பின் வந்தது செல்லுலாய்டு. 1924-இல் ஷேஃபர் கம்பெனியார் பச்சை மரகதக்கல் போன்ற நிறத்தில் பேனா செய்து விற்கத் தொடங்கினார்கள். அதுவரை கறுப்பையும் சிவப்பையுமே பெரும்பாலும் கண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும்! அந்தப் பச்சைக்கும் ஒரு பகை இருந்தது. பேனாவின் உள்ளே மை நிற்பது ஒரு சிறு ரப்பர் பையில். அந்தப் பையிலிருந்து கசியும் கந்தக ஆவி, செல்லுலாய்டை உள்ளிருந்தே பழுப்பாக்கிவிடும். ஆகவே, மூடி பச்சையாகவும் உடல் பாசி நிறமாகவும் இருக்கும் பேனாக்களே இன்று மிகுதியாகக் கிடைக்கின்றன.

இங்கேதான் பென்சிலின் பெருமை வருகிறது. பென்சிலுக்குள் ரப்பர் பை இல்லை. மை இல்லாததால் அதை யாரும் கழுவுவதும் இல்லை. பேனா அளவுக்கு அதற்கு வேலையும் இல்லை. ஆகவே கடையில் விற்ற நாளில் இருந்த நிறத்தோடு அது அப்படியே இருக்கிறது. ஒரு பேனா முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு, அதன் ஜோடிப் பென்சிலைவிட நல்ல சாட்சி கிடையாது. பென்சில் இல்லாவிட்டால், எங்கள் பேனா கறுப்பாக இருந்தது என்று நாங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

திருகு பென்சிலின் வரலாறும் பழையதுதான். லண்டனில் ஹாக்கின்ஸ், மார்டன் என்ற இருவர் 1822-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். வாட்டர்மன் தம் ஊற்றுப்பேனாவுக்கு உரிமை பெற்றதோ 1884-இல்தான். ஜப்பானில் 1915-இல் ஹயகாவா என்பவர் ஓர் உலோகத் திருகு பென்சில் செய்தார். அதன் பெயரில் இருந்த 'ஷார்ப்' என்ற சொல்தான் பின்னாளில் அவருடைய கம்பெனிக்கும் பெயராயிற்று. டெலிவிஷன் செய்த ஷார்ப் கம்பெனிக்குப் பெயர் ஒரு பென்சிலிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இல்லையா?

இரண்டு பொருள் ஒரே பெட்டியில் இருப்பதாலேயே அவை ஜோடி ஆகிவிடா. எங்கோ கிடைத்த பென்சிலை வேறெங்கோ கிடைத்த பேனாவுடன் சேர்த்து விற்பவர்களும் உண்டு. நிறம், கோடுகள், கிளிப்பின் வடிவம், பொறித்த எழுத்து ஆகியவற்றை ஒத்துப்பார்க்க வேண்டும். பார்க்கர் கம்பெனியார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1940-களின் பேனாக்களில் ஆண்டின் கடைசி எண்ணைப் பொறித்து, பக்கத்தில் புள்ளிகளும் வைத்தார்கள். மூன்று புள்ளி என்றால் அவ்வாண்டின் முதல் மூன்று மாதம்; இரண்டு என்றால் அடுத்த மூன்று; ஒன்று என்றால் அதற்கடுத்தது; புள்ளியே இல்லை என்றால் கடைசி மூன்று மாதம். 1941-இல் விற்பனைக்கு வந்த 'பார்க்கர் 51' பேனா ஒன்றில் 6 என்ற எண்ணும் இரண்டு புள்ளிகளும் இருந்தால், அது 1946 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் செய்யப்பட்டது. பல பென்சில்களிலும் இக்குறி உண்டு. இரண்டிலும் குறி ஒத்திருந்தால் சேர்ப்பவர்களுக்குத் தீபாவளிதான்! தேய்த்து மெருகேற்றுகிறேன் என்று கிளம்புபவர்கள் முதலில் அழிப்பது இந்தக் குறியைத்தான்.

எங்கள் பேனாவைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். உள்ளே ரப்பர் பை பொடிந்து போயிருந்தது. அவர் புதுப் பை வைத்து அரக்கால் ஒட்டிக் கொடுத்தார். அரக்குதான் வேண்டும், வேறு பசை போட்டால் மறுபடி கழற்றும்போது பேனா உடைந்துவிடும் என்றார். மேல்தோலைச் சுரண்டி மெருகிட்டால் கறுப்பு திரும்பும், ஆனால் அலைக்கோடுகள் அழிந்துவிடும் என்றும் சொன்னார். கறுப்புச் சாயம் ஏற்றலாமாம். ஆனால் சேர்ப்பவர்களிலேயே பலர் அதை ஏமாற்று வேலை என்கிறார்களாம். எங்களுக்குச் சாயம் ஏற்றிவிட ஆசைதான். செய்த குற்றம் மறைந்துவிடும் அல்லவா? ஆச்சியிடம் கேட்டோம். "கோடு எங்க அப்பா கைபட்ட கோடு. அது இருக்கட்டும்" என்றார்கள்.

இனி கழுவும்போது குளிர்ந்த நீரை நிப்புப் பக்கம் மட்டும் உறிஞ்ச வைத்து வெளியேற்றி, உடனே துடைத்துவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். பொருட்காட்சியில் பழுப்புப் பேனாவையும் கரிய பென்சிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை ஓர் அட்டையில் எழுதி வைத்தோம். எங்கள் மேசை முன்னால் மதர் வெகுநேரம் நின்று படித்தார்கள்.

பென்சிலுக்கு லெட் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. நாம் பயன்படுத்தும் மைக்ரோடிப் பென்சிலின் 0.5 மில்லிமீட்டர் லெட் அதில் நிற்காது. அக்காலத்து அளவு 1.18 மில்லிமீட்டர். அப்பா வெளியூரிலிருந்து ஒரு சிறு டப்பா வரவழைத்துத் தந்தார்கள். ஆச்சி அதைப் போட்டுத் திருகி, காலண்டர் தாளின் பின்புறம் தம் பெயரை எழுதிப் பார்த்தார்கள். இப்போது வீட்டில் பால் கணக்கு அந்தப் பென்சிலால்தான் எழுதப்படுகிறது.